விபூதி போட்டுத் தேய்த்த ஜார்ஜ் மன்னர்

தன்தேரஸ் அன்று இந்தூர் சராஃபா பஜாருக்குள் நுழைந்தால் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். தெரியாதவர்களுக்கு: பகலில் தங்கம் வெள்ளிக் கடைகள், ராத்திரி அதே கடை வாசல்களில் ஜிலேபி, புட்டே கா கீஸ் என்று சாப்பாட்டுக் கடைகள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வரும் தன்தேரஸுக்கு வெள்ளி வாங்கியே ஆகவேண்டும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நம்ம அட்சய திருதியை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். லட்சுமி, கணேசர் போட்ட புதுக்காசு வாங்குபவர்கள் ஒரு கூட்டம். "பழைய வெள்ளிதான் அசல் வெள்ளி" என்று விக்டோரியா, ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்க்காசு தேடுபவர்கள் இன்னொரு கூட்டம்.

அந்தக் காசுகளைப் பார்க்கவேண்டுமே, கண்ணாடி மாதிரி மின்னும்! நூறு வருஷத்துக்கு மேலான காசு, நேற்று அச்சடித்த மாதிரி. லட்சுமி பாதத்தில் வைக்கிற காசு அழுக்காக இருக்கலாமா? அதனால் கடைக்காரர் பாலிஷ் போட்டே வைத்திருப்பார். கொஞ்சம் பழகிய பிறகு அதே கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே இருந்து இன்னொரு தட்டை எடுப்பார். அதில் இருப்பதெல்லாம் கறுப்பும் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். விலை கேட்டால் மின்னுகிறதை விட அதிகம் சொல்வார். அது காசு சேகரிப்பவர்களுக்கான தட்டு.

ஒரே காசு. சாமிக்கு என்றால் கழுவியது வேண்டும், சேகரிப்பவருக்கு என்றால் கழுவாதது வேண்டும். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் ஒரு நெல்லைக் குடும்பம் போன வருஷம் மாட்டிக்கொண்டது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

நான் பத்துப் பதினைந்து வருஷமாகப் பழைய ரூபாய்க்காசு சேர்ப்பவன். பெரிய சேகரிப்பு எல்லாம் இல்லை. தங்கமணி கண்ணில் படாமல் எவ்வளவு சேர்க்க முடியுமோ அவ்வளவு :-) வங்கியில் வேலை என்பதால் "நீங்க பழைய காசு வாங்குவீங்களா?" என்று கவுண்டருக்கு வருபவர்கள் அதிகம். வாங்க மாட்டோம். பழைய நாணயம் வாங்குவதாக ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி யாராவது போன் செய்தால் நம்பாதீர்கள் என்று 2021-இல் ரிசர்வ் வங்கியே அறிவிப்பு வெளியிட்டது. அதையும் சொல்லித்தான் அனுப்புவேன்.

நான் சொல்லும் அக்கா இங்கே தமிழ்ச் சங்கத்து ஆட்களுக்கு எல்லாம் அக்காதான். அண்ணாச்சி போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தனியார் கம்பெனி வேலை, பென்ஷன் என்று பெரிதாக எதுவும் இல்லை. பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், செமஸ்டர் பீஸ் கட்டவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன்.

"தம்பி, வீட்டுல கொஞ்சம் வெள்ளிக்காசு கெடக்கு. கடையில காட்டினேன். எல்லாம் கழுவின காசு, உருக்குறதுக்குத்தான் லாயக்கு, வெள்ளி விலைதான் தருவேங்கான். அப்படியா தம்பி? நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன். வேணும்னா நல்லாத் தேய்ச்சு வைக்கட்டா?"

"அக்கா, தயவு செஞ்சு தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் தண்ணி கூடப் படக்கூடாது" என்று சொல்லிவிட்டு டேபிள் லேம்பையும் லென்ஸையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "ஞாயித்துக்கிழமையும் காசுதானா?" என்ற அர்ச்சனை தனி.

மொத்தம் 31 காசு. ஒன்பது காசு பூஜை அலமாரியில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில். மீதி 22 ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள் மஞ்சள் துணி முடிச்சில். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி ஒரே பார்வையில் "துலா ஹுவா மால்" என்று சொல்லியிருக்கிறார். கழுவின சரக்கு.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1835-இலிருந்து இந்திய ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 180 கிரெயின், 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு காசில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 5.8 கிராம்தான். இன்றைக்கு வெள்ளி ஏறியிருக்கிற விலைக்கு, சாதாரணமாகத் தேய்ந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் கழுவியதோ கழுவாததோ, விலையில் பெரிய பகுதி வெள்ளிதான். வித்தியாசம் எங்கே வரும் என்றால், புழங்காமல் அச்சகத்துப் பளபளப்போடு இருக்கும் காசில், அப்புறம் அரிய வருஷத்துக் காசில். அங்கே "கழுவியது" என்ற ஒரு வார்த்தை விலையைப் பாதியாக்கும், சில சமயம் அதற்கும் கீழே இறக்கும். வெளிநாட்டில் என்ஜிசி, பிசிஜிஎஸ் என்று காசுக்குத் தரம் போடும் கம்பெனிகள் இருக்கின்றன. 70 மதிப்பெண் அளவுகோல். முறையில்லாமல் கழுவிய காசு என்றால் மதிப்பெண்ணே கிடையாது. "டீட்டெயில்ஸ்" என்று ஒதுக்கி, காரணத்தையும் அட்டையில் எழுதிவிடுவார்கள்.

முதலில் கிண்ணத்துக் காசு. அதற்கு லென்ஸே தேவைப்படவில்லை. ஆனாலும் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன், கற்றுக்கொள்ளட்டும் என்று.

டியூப் லைட்டை அணைக்கவேண்டும். டியூப் லைட் வெளிச்சம் நாலா பக்கமும் பரவி விழும், எந்தக் கீறலும் தெரியாது. ஒரே இடத்திலிருந்து வரும் ஒற்றை விளக்குதான் வேண்டும். கீழே மெத்தென்ற துணி. காசை விளிம்பில் மட்டும் பிடித்து, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துச் சுற்றவேண்டும். நோட்டைச் சாய்த்துப் பார்க்கிற எங்கள் தொழில் புத்திதான், வேறு ஒன்றும் இல்லை. சாய்க்கிறபோது ஒரு கோணத்தில் சட்டென்று மயிரிழை மாதிரிக் கோடுகள் தெரியும். புழக்கத்தில் விழுந்த கீறல் என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை, ஒவ்வொரு ஆழம். கை வைத்துத் தேய்த்தது என்றால் எல்லாம் கூட்டமாக ஒரே திசையில் போகும், இல்லாவிட்டால் வட்ட வட்டமாகச் சுற்றும். இன்னொரு அடையாளம்: தேய்க்கிற விரல் எழுத்துக்குப் பக்கத்துச் சந்துக்குள் போகாது. வெட்டவெளி வெள்ளையாக இருக்கும், எழுத்தின் இடுக்கில் கறுப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். விளிம்பில் இருக்கும் பல்லுக்குள்ளும் அழுக்கு இருக்கும்.

அந்த ஒன்பதிலும் இதெல்லாம் இருந்தது. வட்டக் கோடு, அடுக்கடுக்காக.

"அக்கா, இதை எதை வெச்சுத் தேய்ப்பீங்க?"

"விபூதிதான் தம்பி. அத்தை இருந்த வரைக்கும் அவங்கதான் தேய்ப்பாங்க. சித்திரை விஷுவுக்கு முந்தின நாள் ராத்திரி உக்காந்து தேய்ச்சு, கண்ணாடிக்கு முன்னால பரப்பி வெப்பாங்க. காலையில கனி கண்டதும் பிள்ளைகளுக்குக் கைநீட்டம் குடுக்கறதும் இதைத்தான். குடுத்துட்டுச் சாயங்காலம் திருப்பி வாங்கிக்கிடுவாங்க!"

எங்கள் வீட்டிலும் பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. நம்மவர்கள் வீடு எல்லாவற்றிலும் அப்படித்தான். குங்குமச் சிமிழுக்கும் பஞ்சபாத்திரத்துக்கும் அதைப் போல நல்ல பாலிஷ் கிடையாது. காரணமே அதன் நுண்ணிய துகள்தான். மாடு தின்ற புல்லில் இருக்கிற சிலிக்கா, சாணத்தை எரித்த பிறகும் சாம்பலில் நிற்கும். வெள்ளியோ மெத்தென்ற உலோகம். வருஷத்துக்கு ஒரு தடவை, நாற்பது ஐம்பது வருஷம் என்றால் மன்னர் தாடியில் மயிர் மிஞ்சுமா? பல்பொடியும் பேஸ்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும், இன்னும் முரட்டுத்தனமாக.

அந்த ஒன்பதில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1911.

ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய். ராஜா அணிந்திருக்கும் பதக்கமாலையில் ஒரு யானை இருக்கும். 1911-இல் அடித்த காசில் அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகி, பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம்கள் மத்தியில் எதிர்ப்புக் கிளம்பியது. அரசாங்கம் வெளியீட்டை நிறுத்தி, கையில் இருந்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1912 முதல் யானையைத் திருத்தி அச்சடித்தார்கள். "பன்றி ரூபாய்" என்றே சேகரிப்பவர்கள் இதைச் சொல்வார்கள். தேடினால் கிடைக்காத அபூர்வம் இல்லைதான், ஆனால் வெள்ளி விலைக்குத் தூக்கிக் கொடுக்கிற காசும் இல்லை. கழுவியிருந்தாலும் அதற்கென்று ஒரு விலை உண்டு. சராஃபாவில் காசு வியாபாரம் பார்க்கிற ஒருவர் கண்ணில் 1911 என்ற எண் படாமல் போயிருக்கும் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அப்புறம் ஹார்லிக்ஸ் டப்பா. நாலு விக்டோரியா, "எம்ப்ரஸ்" என்று போட்டது, அதாவது 1877-க்குப் பிறகு வந்தவை. மூன்று எட்வர்ட், கிரீடம் இல்லாத தலை. பன்னிரண்டு ஐந்தாம் ஜார்ஜ். மூன்று ஆறாம் ஜார்ஜ், பாதி வெள்ளி.

விக்டோரியாவும் எட்வர்டும் நன்றாகப் புழங்கிய காசுகள். மகாராணியின் கன்னமும் தலைமுடியும் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஆனால் நிறம் சரியாக இருந்தது. வெட்டவெளி அடர்ந்த சாம்பல், மேடான இடம் மட்டும் இளஞ்சாம்பல். பல கை மாறிய வெள்ளிக்காசு அப்படித்தான் இருக்கவேண்டும். கன்னம் தேய்ந்த கிழவிக்குப் பதினாறு வயசு மினுமினுப்பு இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். இந்த ஏழும் கழுவாதவை. கடைக்காரர் சொன்னது இங்கே தப்பு, ஆனால் பணக்கணக்கில் பெரிய தப்பு இல்லை. தேய்மானம் அவ்வளவு.

ஜார்ஜில் இரண்டு காசின் உச்சியில், விளிம்பை ஒட்டி, சின்னதாக ஒரு மேடு. பற்றவைத்து எடுத்த தடம். ஒரு காலத்தில் வளையம் போட்டு யாரோ கழுத்தில் தொங்கியிருக்கிறது. தட்டார் அதை எடுத்துவிட்டு அரம் போட்டு மறைத்திருக்கிறார். அது வெள்ளி விலைக்குத்தான். ஏழு காசு சாதாரணம், கழுவாதது. எடையும் விளிம்புப் பல்லும் பார்த்துவிட்டேன், போலி எதுவும் இல்லை.

மீதி மூன்று ஜார்ஜ். 1918 இரண்டு, 1919 ஒன்று. இவை மூன்றும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து இருந்தன. மூன்றும் வெள்ளை. கடைக்காரர் இவற்றை வைத்துத்தான் மொத்தத்தையும் கழுவியது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கவேண்டும்.

கஷ்டமான கேள்வி இதுதான். தேய்ந்த காசு வெள்ளையாக இருந்தால் முடிவு சுலபம். தேயாத காசு வெள்ளையாக இருந்தால்? அது பிறந்த நிறமாகவும் இருக்கலாம், மருந்தில் முக்கிய நிறமாகவும் இருக்கலாம். நகைக்கடைகளில் வெள்ளியை ஒரு திரவத்தில் முக்கி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தயோயூரியாவும் அமிலமும் கலந்தது. சில நொடியில் கறுப்பு போய்விடும். தேய்ப்பதே இல்லை, அதனால் கோடும் விழாது. லென்ஸில் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம்.

இங்கேதான் அச்சகத்துப் பளபளப்பு உதவும். அச்சு ஓங்கி அடிக்கிறபோது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழியும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாகக் காசின் மேல் நிற்கும். விளக்குக்குக் கீழே காசைச் சுற்றினால், வண்டிச்சக்கரத்து ஆரம் சுழல்கிற மாதிரி ஒரு ஒளிப்பட்டை காசின் மேல் ஓடும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. பாலிஷ் போட்ட காசு மின்னும், ஆனால் அதில் பட்டை ஓடாது, எல்லா இடமும் ஒரே மினுமினுப்பு. மருந்தில் அடிக்கடி முக்கியது என்றால் அந்த வரிகளின் முனை கரைந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி உயிரில்லாத வெள்ளையாக நிற்கும். ஏனென்றால் கறுப்பு என்பது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. காற்றில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்துபோன காசின் சொந்த வெள்ளிதான். கறுப்பை எடுக்கிறபோது வெள்ளியும் கொஞ்சம் போகிறது.

(அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் போடலாமா என்று பையன் கேட்டான், வீடியோவில் பார்த்தானாம். தேய்க்கிற கோடு விழாது, உண்மைதான். ஆனால் நூறு வருஷத்து நிறம் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். அம்மாவின் கொலுசுக்குப் போடு, காசுக்கு வேண்டாம் என்றேன்.)

முதல் 1918-ஐச் சுற்றினேன். பட்டை முழுசாக ஓடியது. ராஜாவின் கன்னத்து மேட்டில் கூட உடையவில்லை. விளிம்பை ஒட்டி மெல்லிய பொன்னிறம் ஒரு வளையமாக, உள்ளே போகப் போக மங்கி வெள்ளையில் கலந்தது. காகிதத்தில் மடித்த காசுக்குக் காற்று ஓரத்திலிருந்துதான் உள்ளே போகும், அதனால் நிறமும் ஓரத்தில்தான் முதலில் ஏறும். பொன்னிறம், அப்புறம் செம்மை, அப்புறம் ஊதா, நீலம் என்ற வரிசையில் படலம் தடிமனாகும். கந்தக மருந்து வைத்துச் செயற்கையாக ஏற்றிய நிறம் பெரும்பாலும் இந்த வரிசைப்படி வராது. திடீரென்று நீலத்தில் தொடங்கி, கீறலுக்கு மேலேயும் பூசின மாதிரி நிற்கும். இதில் அந்தக் குறை எதுவும் இல்லை. பையன் கையில் கொடுத்தேன். அவனும் சுற்றிப் பார்த்துவிட்டு "ஓடுது மாமா, ஓடுது!" என்றான்.

இரண்டாவது 1918-உம் அப்படியே.

1919 வேறு கதை. பட்டை ஓடியது, ஆனால் சோர்ந்துபோய். எழுத்தின் இடுக்கில் கூட ஒரு பொட்டு நிறம் இல்லை. ஓரத்தில் இரண்டு மூன்று பழுப்புப் புள்ளி. மருந்தில் முக்கி, சரியாக அலசாமல் வைத்த காசில் இப்படிப் புள்ளி வரும். எப்போதோ யாரோ முக்கியிருக்கிறார்கள். அக்காவுக்குத் தெரியவில்லை, அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கலாம். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஆக, கடைக்காரர் "எல்லாம்" என்று சொன்னதில் கழுவியது பத்து, பற்றவைத்தது இரண்டு. மீதி பத்தொன்பதும் கழுவாதது, அதில் இரண்டு முதல் தரம். கழுவிய பத்தில் ஒன்று 1911. ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன், வருஷம், எடை, நிலைமை என்று. பி.காம் படித்தவன் வேறு என்ன செய்வான்! அதே கடைக்கு மட்டும் போகவேண்டாம், இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள், பையன் கூடப் போகட்டும், காசைத் தட்டில் கொட்டவிடாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுங்கள் என்றேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆன்லைனில் வெளிநாட்டு ஆள் கேட்டால் வேண்டாம் என்பதையும் சொன்னேன்.

அப்புறம் 1911-க்கு வந்தோம்.

"அக்கா, இது கழுவினதுதான். கழுவாம இருந்திருந்தா நல்ல விலை. ஆனா இப்பவும் வெள்ளியை விட நிச்சயமா மேலதான் போகும். மத்த எட்டும் வெள்ளி விலை."

அக்கா அந்தக் காசை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். ராஜாவின் யானையைக் காட்டினேன், பார்த்துச் சிரித்தார். லென்ஸ் வழியாக அந்த வட்டக் கோடுகளையும் பார்த்தார்.

"இந்தக் கோடெல்லாம் அத்தை வெரல் தானே தம்பி?"

"ஆமா."

"கடக்காரனுக்கு இதுதான் குத்தம்."

"ஆமாக்கா."

"அப்ப இந்த ஒம்பதும் இருக்கட்டும். டப்பாவுல உள்ளத மட்டும் குடுப்போம்."

பீஸ் கட்டவேண்டிய நேரத்தில் 1911-ஐ விட்டுவைப்பது சரியா என்று பையன் முகத்தைப் பார்த்தேன். அவன் அம்மா பக்கம் இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை, சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கடையில் விலை படிந்தது. இரண்டு 1918-ஐயும் அந்தக் கடைக்காரர் ஒற்றை விளக்குக்குக் கீழே சுற்றிப் பார்த்துவிட்டுத் தனியாக எடுத்துவைத்தாராம். அந்த இரண்டுக்கு மட்டும், வெள்ளி விலைக்குப் போன மற்ற காசு ஐந்துக்குக் கிடைத்த அளவு கிடைத்தது. விக்டோரியாவுக்கு வெள்ளிக்கு மேல் கொஞ்சம் போட்டுக்கொடுத்தார். 1919-இல் புள்ளியைக் காட்டி விலையைக் குறைத்தார், நியாயம்தான். செமஸ்டர் பீஸ் போக ஹாஸ்டலுக்கும் ஒரு மாதத்துக்கு வந்தது.

இந்தச் சித்திரைக்கு நாலு நாள் முன்னால் அக்கா போன் செய்தார்.

"தம்பி, கனிக்கு வெக்கணும். இப்ப இதத் தேய்க்கலாமா, கூடாதா?"

"விக்கப் போறீங்களா?"

"அது எப்படி?"

"அப்ப விபூதி போட்டுத் தேய்ங்க."